பால் கொடுக்கும்போது பீரியட்ஸ்: இரண்டு குழந்தைகள், இரண்டு விதமான கணக்கு

மூத்தவளுக்குப் பால் கொடுத்த காலத்தில் ஓராண்டு கடந்தும் எனக்குப் பீரியட்ஸ் வரவில்லை. இளையவன் விஷயத்தில், அவன் குப்புறக் கவிழப் பழகுவதற்குள்ளேயே வந்துவிட்டது. இருவருக்கும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். இடையில் என் உடம்புக்கு நோய்நொடி என்று எதுவும் இல்லை. இருந்தும் கணக்கு இப்படி மாறியது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு முறையும் வீட்டில் கவலைப்பட்டார்கள். வராதபோது, "இவ்வளவு நாள் வராம இருந்தா கெட்ட ரத்தமெல்லாம் உள்ளேயே தங்கிடாதாம்மா?" என்று மாமியார் கேட்டார். சீக்கிரம் வந்தபோது, "அப்போ பால் பத்தலைன்னுதானே அர்த்தம்?" என்று என் அம்மா கேட்டார். இரண்டுக்குமே 'இல்லை' என்பதுதான் பதில். அதைத் தைரியமாகச் சொல்ல எனக்கு இரண்டு பிரசவம் வேண்டியிருந்தது. பொறுமையாகப் பேசும் ஒரு மகப்பேறு மருத்துவரும் வாய்க்க வேண்டியிருந்தது.

மாமியாரின் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உள்ளே எதுவும் தங்குவதில்லை. மாதாமாதம் வெளியேறுவது கருப்பையின் உட்சுவர் தடித்து, பிறகு உதிர்வதால் வரும் ரத்தம். பால் கொடுக்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதால் அந்தச் சுவர் தடிப்பதே இல்லை. உதிர ஒன்றும் இல்லாதபோது தேங்க என்ன இருக்கிறது? அம்மாவின் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

இளையவனுக்கு நாலாம் மாதம் நடக்கும்போது பீரியட்ஸ் வந்ததும் மருத்துவரிடம் போனேன். தேதிகளையெல்லாம் குறித்து எடுத்துப் போயிருந்தேன். அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "தேதி இருக்கட்டும். ராத்திரி எத்தனை தடவை எழுந்து குடிக்கிறான்?" என்றார். பத்து மணிக்குப் படுத்தால் விடிந்துதான் எழுந்திருக்கிறான் என்று கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். "அதுதான் காரணம்" என்று முடித்துவிட்டார்.

மூத்தவள் நேர் எதிர். அவளுக்குத் தூக்கம் என்றாலே வாயில் மார்பு இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்திருப்பாள். ஒரு வயது தாண்டியும் அப்படித்தான். என் தூக்கம் போனது. பீரியட்ஸும் கூடவே போனது.

நடப்பது இதுதான். குழந்தை வாய் வைத்து உறிஞ்சும்போது மார்க்காம்பின் நரம்புகள் வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ப்ரோலாக்டினைச் சுரக்கிறது. அதுதான் பாலை உற்பத்தி செய்ய வைக்கும் ஹார்மோன். அதே உறிஞ்சல், மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி விட்டுவிட்டு அனுப்பும் ஜி.என்.ஆர்.எச். என்ற இன்னொரு ஹார்மோனின் துடிப்பைத் தடுமாற வைக்கிறது. அந்தத் துடிப்பு ஒழுங்காக இல்லாவிட்டால், முட்டையை வெளியேற வைக்கும் எல்.எச். என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்காது. எல்.எச். இல்லாமல் சினைப்பையில் முட்டை முதிர்ந்து வெளியேறாது. முட்டை இல்லை என்றால் மாதச் சுழற்சியும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, பாலின் அளவு இங்கே கணக்கிலேயே வரவில்லை. எவ்வளவு நெருக்கமாக, எத்தனை தடவை, குறிப்பாக ராத்திரியில் எவ்வளவு இடைவெளி விட்டு உறிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு. ப்ரோலாக்டின் ராத்திரியில்தான் கூடுதலாகச் சுரக்கும். ஆகவே பால் நிறையச் சுரந்து, குழந்தை நன்றாக எடை ஏறிக்கொண்டிருந்தாலும், ராத்திரி நீளமாகத் தூங்கும் பிள்ளையின் தாய்க்குப் பீரியட்ஸ் சீக்கிரம் திரும்பலாம். அம்மாவிடம் இதைச் சொன்னதும், "அப்படின்னா அவன் நல்லாத் தூங்கறதுதான் தப்பா?" என்றார். தப்பு ஒன்றுமில்லை. உடம்பு அதைப் பார்த்து முடிவெடுக்கிறது, அவ்வளவுதான். எல்லாருக்கும் இப்படியே இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே மாதிரி பால் கொடுக்கும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மூன்றாம் மாதமும் இன்னொருத்திக்குப் பதினெட்டாம் மாதமும் வருவது உண்டு.

இதைப் பற்றிப் படிக்கும்போது கிடைத்த ஒரு செய்தி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடியும் கிழங்கு பறித்தும் வாழ்ந்த குங் இனப் பெண்களைப் பற்றி மெல்வின் கானர், கேரல் வொர்த்மன் என்ற இருவர் 1980ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்தப் பெண்கள் கருத்தடை எதையும் பயன்படுத்தவில்லை. ஆனாலும் இரண்டு குழந்தைகளுக்கு நடுவே ஏறத்தாழ 44 மாதம் இடைவெளி இருந்தது. குழந்தையை உடம்போடு கட்டிக்கொண்டே திரிந்ததால், மணிக்குப் பல தடவை, தடவைக்குச் சில நிமிடம் என்று பகல் முழுக்கக் குடித்துக்கொண்டே இருந்ததாம், ராத்திரியும் பக்கத்தில்தான். நாம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கடிகாரம் பார்த்துக் கொடுக்கிறோம். அப்புறம் பீரியட்ஸ் ஏன் சீக்கிரம் வந்தது என்று கேட்கிறோம்.

முதல் இரண்டு மாத ரத்தம்

முதல் பிரசவத்தில் எனக்கு இருந்த பெரிய குழப்பம், எது பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு, எது பீரியட்ஸ் என்பது. பிரசவமான முதல் சில நாட்கள் நல்ல சிவப்பாக வரும். பிறகு இளஞ்சிவப்பு, பழுப்பு என்று மாறி, கடைசியில் வெள்ளையும் மஞ்சளுமாக வடிந்து ஆறு வாரத்தை ஒட்டி நிற்கும். சிசேரியன் ஆனவர்களுக்கும் இது உண்டு. 'வயிற்றைக் கிழித்துத்தானே எடுத்தார்கள், கீழே ஏன் ரத்தம் வருகிறது' என்று என்னிடமே ஒரு தோழி கேட்டிருக்கிறாள். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் ஆறுவதால் வருவது அது. குழந்தை எந்த வழியாக வந்தாலும் அந்த இடம் ஆறித்தான் ஆக வேண்டும்.

நின்றது போல் இருந்து மறுபடியும் சில நாள் சிவப்பாக வருவதும் சகஜம். முழுக்கத் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு, பிரசவத்துக்குப் பின் முதல் 56 நாட்களில் தெரியும் ரத்தத்தைப் பீரியட்ஸ் என்று எடுத்துக்கொள்வதில்லை. அதற்குப் பிறகு தொடர்ந்து இரண்டு நாளாவது ரத்தம் வந்தால் சுழற்சி திரும்பிவிட்டதாகக் கொள்ளலாம். பால் கொடுக்காதவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பெரும்பாலும் வந்துவிடும். சிலருக்கு நான்கு வாரத்திலேயே முட்டை வெளியேறத் தொடங்கிவிடும்.

எது இயல்பில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுதாக நனைந்துகொண்டே இருப்பது, பெரிய பெரிய கட்டிகளாக விழுவது, நாற்றம் அடிப்பது, காய்ச்சல், அடிவயிற்றில் விடாத வலி, தலைசுற்றி மயக்கம் வருவது. இவற்றில் எது இருந்தாலும் 'பிள்ளை பெத்த உடம்புன்னா அப்படித்தான்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம். பிரசவமாகி இரண்டு மூன்று மாதம் வரை இந்த ஆபத்து உண்டு.

முட்டை முந்திக்கொள்ளும்

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். பீரியட்ஸ் திரும்புவதற்கு முன்பே கரு உண்டாகலாம். பீரியட்ஸ் என்பது ரயில் போன பிறகு அடிக்கும் மணி. முட்டை வெளியேறி, அது கருவாகாமல் போன பிறகு, ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் ரத்தம் வருகிறது. அந்த முதல் முட்டையே கருவாகிவிட்டால்? ரத்தமே வராது. 'பால் கொடுக்கிறேன், அதனால் வரவில்லை' என்று நாமும் நினைத்துக்கொண்டிருப்போம்.

எங்கள் உறவில் ஒரு அக்காவுக்கு இப்படி நடந்தது. பையனுக்கு ஒரு வயது நெருங்கும் நேரம். வயிறு உப்பியது போல் இருக்கிறது, அஜீரணம் என்று மருந்து கேட்கப் போனவரை மருத்துவர் ஸ்கேனுக்கு அனுப்பினார். ஐந்தாம் மாதம்! அவரைப் பொறுத்தவரை கடைசிப் பீரியட்ஸ் என்பது மூத்த பையனைச் சுமப்பதற்கு முன்னால் வந்தது. பிரசவத் தேதியை எங்கிருந்து கணக்கிடுவது? இப்படிப்பட்ட நேரத்தில் ஸ்கேன்தான் கதி. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்தால் கருவின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தை வைத்துத் தேதியை நன்றாகக் கணிக்கலாம். தள்ளிப்போகப் போக அந்தத் துல்லியம் குறைந்துகொண்டே போகும். பால் கொடுக்கும் காலத்தில் கர்ப்பம் என்று தெரிந்தால், எல்.எம்.பி. (கடைசிப் பீரியட்ஸ் தேதி) கேட்கும்போது குத்துமதிப்பாக ஒரு தேதியைச் சொல்லிவைக்காதீர்கள். "பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், பீரியட்ஸ் வரவே இல்லை" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

அப்படியென்றால் 'பால் கொடுத்தால் கரு தங்காது' என்று பெரியவர்கள் சொன்னது பொய்யா? பாதி மெய். 1988ல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் கூடிய நிபுணர்கள் இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். மூன்று நிபந்தனைகள். பிரசவத்துக்குப் பிறகு பீரியட்ஸ் வந்திருக்கக் கூடாது. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. முழுக்கவோ கிட்டத்தட்ட முழுக்கவோ தாய்ப்பால்தான் கொடுக்க வேண்டும். அதாவது, பகலில் நான்கு மணி நேரம், ராத்திரியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. மூன்றும் பொருந்தும்வரை கர்ப்பத்தைத் தடுக்கும் பலன் 98 சதவீதம் என்று கண்டார்கள். மாத்திரைக்குச் சளைத்ததல்ல.

ஆனால் 'மூன்றும்' என்ற இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். ஏழாம் மாதம் வந்தும் பீரியட்ஸ் வரவில்லையே என்று நம்பிக்கொண்டிருப்பது, ராத்திரி ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது, வேலைக்குப் போக ஆரம்பித்துப் பகலில் பம்ப் செய்து வைப்பது. பம்ப் பால் குழந்தைக்கு நல்லதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் குழந்தையின் வாய் செய்யும் வேலையை மூளைக்கு அந்தக் கருவி அதே மாதிரி செய்வதில்லை. வேலைக்குப் போய்ப் பம்ப் செய்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு குறைந்துபோகிறது. என் இளையவன் விஷயத்திலேயே பாருங்கள்: தாய்ப்பால் மட்டும்தான், ஆறு மாதம் ஆகவில்லை, ஆனால் ராத்திரி இடைவெளி எப்போதோ ஆறு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.

என் அபிப்பிராயம் இது: இந்த முறையை நம்பலாம், ஆனால் அதன் கடைசி நாள் வரை இழுக்கக் கூடாது. அடுத்த கருத்தடை என்ன என்பதை மூன்றாம் மாதத்திலேயே முடிவு செய்து வைத்துவிட வேண்டும். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி பாலைத் தொடவே தொடாது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம், தவறினால் நான்கு வாரம் கழித்துப் போடலாம். நான் போட்டுக்கொண்டது அதுதான். ஆரம்ப மாதங்களில் ரத்தப்போக்கும் வலியும் கூடுதலாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆணுறைக்கு யோசிக்கவே வேண்டாம். புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரையும் பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றதுதான், ஆனால் தினமும் தவறாமல் ஒரே நேரத்தில் போட வேண்டும். கைக்குழந்தையோடு அது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை. தவிர, அந்த மாத்திரையாலேயே திட்டுத்திட்டாக ரத்தம் தெரியும். அதைப் பீரியட்ஸ் என்று எண்ணிக் குழம்புவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியால் பீரியட்ஸ் நின்றேகூடப் போகலாம். நிறுத்திய பிறகு கரு உண்டாகவும் நாள் பிடிக்கும். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த சாதாரணக் கருத்தடை மாத்திரையை மட்டும் நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் அது கூடவே கூடாது. பால் கொடுப்பவர்கள் ஆறு மாதம் வரையிலும் பொதுவாகத் தவிர்க்கச் சொல்வார்கள்.

பாதுகாப்பில்லாமல் சேர்ந்துவிட்டோம் என்றால் 72 மணி நேரத்துக்குள் போடும் லீவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரை உண்டு. பால் கொடுத்துக்கொண்டே போடலாம். மூன்று வாரம் கழித்து வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொண்டால் முடிவு தெரிந்துவிடும். பால் கொடுப்பதால் அந்தக் கிட் தப்பாகக் காட்டுமோ என்று பயப்பட வேண்டாம். அது பார்ப்பது கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை, ப்ரோலாக்டினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திரும்பி வந்த பிறகு

திரும்பி வந்த பீரியட்ஸ் பழைய பீரியட்ஸ் மாதிரி இருக்காது. எனக்கு முதல் தடவை மூன்று நாளில் முடிந்தது. அடுத்தது இரண்டு மாதம் கழித்து, அதுவும் கொட்டித் தீர்த்தது. பிறகு மூன்று வாரத்திலேயே ஒன்று. நடுவில் ஒன்றிரண்டு நாள் பழுப்பாகத் தெரிந்துவிட்டு மறைந்ததும் உண்டு. முதல் சில சுழற்சிகளில் முட்டை வெளியேறாமலே ரத்தம் வரலாம். வெளியேறினாலும் அதற்குப் பிந்தைய நாட்கள் சுருங்கிப்போகலாம். குழந்தைக்குப் பல் முளைக்கும்போதோ உடம்பு சுகமில்லாதபோதோ மறுபடி ராத்திரியெல்லாம் குடிக்க ஆரம்பித்தால், வந்த பீரியட்ஸ் மறுபடி தள்ளிப்போவதும் நடக்கும்.

போனில் இருந்த பீரியட்ஸ் ஆப் இந்தக் காலத்தில் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. '12 நாள் தாமதம்' என்று சிவப்பில் காட்டும். எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்த ஆப் பழைய தேதிகளைக் கூட்டி வகுத்து அடுத்த தேதியைச் சொல்கிறது. பால் கொடுக்கும் உடம்புக்கு அந்தச் சராசரி பொருந்துவதே இல்லை. அதன் அறிவிப்புகளை நிறுத்திவிட்டுச் சாதாரணக் காலண்டரில் குறிக்க ஆரம்பித்தேன். ரத்தம் வந்த நாளை மட்டும் எழுதினால் போதாது என்பது சீக்கிரமே புரிந்தது. ராத்திரிப் பால் குறைந்தது எப்போது, திட உணவு தொடங்கியது எப்போது, நான் வேலைக்குத் திரும்பியது எப்போது என்பதையும் சேர்த்து எழுதினேன். சில மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், ஒழுங்கே இல்லாமல் வந்ததாக நினைத்ததற்கெல்லாம் பக்கத்திலேயே ஒரு காரணம் எழுதியிருந்தது.

'பாதுகாப்பான நாள்' பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் காலத்தில் காலண்டரை வைத்து அதைச் செய்யவே முடியாது. கர்ப்பப்பை வாயில் சுரக்கும் திரவம் வழுவழுப்பாக, இழுத்தால் நீளும்படி மாறுகிறதா என்று கவனிப்பவர்கள் உண்டு. அது முட்டை தயாராவதற்கான அடையாளம்தான். ஆனால் பால் கொடுக்கும்போது உடம்பு பலமுறை முயன்று முயன்று கைவிடும். அந்தத் திரவமும் வந்து வந்து போகும். முறையாகக் கற்றவர்களாலேயே அதைச் சரியாகப் படிப்பது சிரமம்.

இனி பால் விஷயம். பீரியட்ஸ் வருவதற்குச் சில நாள் முன்பிருந்து, வந்து ஓரிரு நாள் வரை, இளையவன் மார்பில் வாய் வைப்பான், இழுப்பான், விட்டுவிட்டு அழுவான். எனக்கோ காம்பு தொட்டாலே எரியும். மார்பு முன்பு போல் நிறையவும் இல்லை. சிலருக்கு அந்த நாட்களில் பால் சற்றுக் குறையும், மறுபடி தானாகவே ஏறிவிடும். முட்டை வெளியேறும் சமயத்தை ஒட்டிப் பாலில் உப்புச் சத்து கொஞ்சம் கூடி, சர்க்கரை கொஞ்சம் குறைவதாகவும் கண்டிருக்கிறார்கள். சில குழந்தைகள் அதைக் கண்டுபிடித்துவிடும், பல குழந்தைகள் கண்டுகொள்ளாது. அந்த நாட்களில் நான் செய்தது வழக்கத்தைவிட அடிக்கடி கொடுத்தது, அவ்வளவே. இந்த நேரத்தில் பயந்து புட்டிப்பால் ஆரம்பிப்பவர்கள்தான் பிறகு உண்மையிலேயே பால் குறைந்து தவிக்கிறார்கள். குழந்தை போதுமான அளவு சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் பாலும் சரியாகவே இருக்கிறது. கால்சியம் மாத்திரை போட்டால் இந்தச் சரிவு வராது என்று பலர் எழுதுகிறார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை. உங்கள் மருத்துவர் வேறு காரணத்துக்காகக் கொடுத்திருந்தால் போடுங்கள், இதற்காக மட்டும் வேண்டாம்.

பீரியட்ஸ் நாட்களில் பால் கெட்டுப்போகுமா, அந்த ரத்தம் பாலில் கலக்குமா என்ற கேள்விகளுக்கு: கெடாது, கலக்காது, கொடுக்கலாம். வலிக்குப் பாராசிட்டமாலும் ஐப்யூப்ரோஃபெனும் பால் கொடுப்பவர்கள் போடக்கூடியவையே. ஆஸ்பிரினைத் தவிர்த்துவிடுங்கள். மென்ஸ்ட்ருவல் கப் பயன்படுத்துபவர்கள், பிரசவ ரத்தப்போக்கு முற்றிலும் நின்று, ஆறு வாரப் பரிசோதனையும் முடிந்த பிறகு தொடங்குவது நல்லது. முன்பு பொருந்திய அளவு இப்போது பொருந்தாமலும் போகலாம்.

இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதால் பிறப்புறுப்பு வறண்டு போகும். உறவின்போது எரியும், வலிக்கும், சிலருக்கு லேசாக ரத்தமும் கசியும். அதைப் பீரியட்ஸ் என்று நினைப்பவர்களும் உண்டு. தையல் சரியாக ஆறவில்லையோ, தனக்கு ஆசையே போய்விட்டதோ, கணவர் மனம் கோணுவாரோ என்று உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறோம். எனக்கு மூத்தவள் சமயத்தில் மாதக்கணக்கில் இருந்தது. ராத்திரி திடீர் திடீரென்று வியர்த்துக் கொட்டியதும் இதே கணக்குத்தான். பீரியட்ஸ் நீண்ட நாள் வராமல் இருப்பவர்களுக்கு இந்த வறட்சியும் நீளும், சுழற்சி திரும்பினால் இதுவும் தணியும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். அதுவே பெரும்பாலும் போதும். போதாவிட்டால் உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். கணவரிடம் இது ஹார்மோன் வேலை என்று ஒரு தரம் சொல்லிவிட்டால், பாதிப் பாரம் இறங்கிவிடும். நான் சொன்ன அன்று, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அவர். எனக்கே முந்தின வாரம்தான் தெரியும்!

ரத்தம் கூடுதலாகப் போகும் மாதங்களில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவத்தில் இழந்த ரத்தமே இன்னும் ஈடாகியிருக்காது. படியேறினால் மூச்சு வாங்குவதையும் முடி கொட்டுவதையும் 'தூக்கம் இல்லை, அதான்' என்று தள்ளிவிடுவது நமக்கு வழக்கம். இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். கூடவே தைராய்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்வேன். பிரசவமான முதல் ஆண்டில் தைராய்டு வீங்கித் தடுமாறுவது சில பெண்களுக்கு நடக்கிறது. பீரியட்ஸ் குழப்பம், களைப்பு, மனச்சோர்வு எல்லாமே அதிலிருந்தும் வரலாம்.

இதெல்லாம் பீரியட்ஸ் வேண்டாம் என்றிருப்பவர்கள் கதை. வரவில்லையே என்று ஏங்குபவர்களும் இருக்கிறார்கள். வயது ஏறுகிறது, அடுத்த குழந்தை வேண்டும், ஆனால் மூத்தது இன்னும் பால் குடிக்கிறது, பீரியட்ஸும் இல்லை. இவர்களிடம் பலரும் சொல்லும் முதல் யோசனை 'பாலை நிறுத்து.' அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை பல நேரம். ராத்திரிப் பாலை மெதுவாகக் குறைத்து, இடைவெளியை நீட்டினாலே பலருக்குச் சுழற்சி திரும்பிவிடும். ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு முயல 24 மாதமாவது இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதையும் மனதில் வையுங்கள். கர்ப்பம் உண்டான பிறகும் சிக்கல் எதுவும் இல்லாதவர்கள் பால் கொடுப்பதைத் தொடரலாம். நடு மாதங்களில் பலருக்குப் பால் தானாகவே குறையும், சில குழந்தைகள் அப்போது தாமாகவே விட்டுவிடும்.

இப்படி ஏங்கிக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பால் கொடுக்கும்போது ப்ரோலாக்டின் பார்த்தால் அது கூடுதலாகத்தான் இருக்கும். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியோடு வரும். பரிசோதனைக்கூடத்தின் 'இயல்பு அளவு' பால் கொடுக்காத பெண்களுக்கானது. என் தோழி ஒருத்தி மூளையில் கட்டியோ என்று ஒரு வாரம் தூங்காமல் கிடந்தாள். ரத்தம் கொடுக்கும்போதே 'பால் கொடுக்கிறேன்' என்று சொல்லுங்கள். ரிப்போர்ட்டைப் பார்க்கும் மருத்துவரிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள்.

பால் மறக்கடிக்கும் கட்டத்துக்கு வந்தால், ஒரே நாளில் நிறுத்தாமல் வாரத்துக்கு ஒரு வேளை என்று குறையுங்கள். திடீரென்று நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரலாம். ஹார்மோன் ஒரேயடியாக இறங்குவதால் காரணமே தெரியாமல் அழுகையும் வரலாம். மூத்தவள் முழுதாக நிறுத்திய பிறகு எனக்குச் சில வாரத்தில் பீரியட்ஸ் வந்தது. பெரும்பாலோருக்கு அப்படித்தான். முற்றிலும் நிறுத்தி மூன்று மாதம் ஆகியும் வரவில்லை என்றால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு, பிறகு மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்தில் கணக்கில்லாமல் ரத்தம் போய், ரத்தம் ஏற்றும் நிலைக்குப் போனவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். பால் சரியாகச் சுரக்கவே இல்லை, பீரியட்ஸும் வரவில்லை, உடம்பு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது என்றால், அந்த ரத்த இழப்பில் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம். ஷீஹன் நோய் என்று அதற்குப் பெயர். அரிதானதுதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமலே போவது உண்டு. மருத்துவரிடம் போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துப் போங்கள். எவ்வளவு ரத்தம் போனது, எத்தனை யூனிட் ஏற்றினார்கள் என்பது அதில்தான் இருக்கும்.